இரண்டாவது பிரேக்

மார்ச் 3

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கப் போன கையை நான்தான் பிடித்து நிறுத்தினேன். இப்போதைக்கு வெறும் அண்ணிதான்.

போனில் பேச மாட்டேன். பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுவீர்கள், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தச் சௌகரியம் இரண்டு பேருக்கும் கிடையாது. கிழிப்பதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நான் கிளம்பிவிட்டேன் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். ஷெட்டில் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் மிச்சம். டிரைவிங் ஸ்கூலை மூடிய பிறகு பயிற்சி வேனை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றலாம் என்று சொன்னது யார்? நீங்கள். இரண்டு படுக்கை போட்டோம், இரண்டு பேருக்கும் தனித்தனி அலமாரி அடித்தோம், யார் குறட்டை விடுவது என்று முன்கூட்டியே சண்டைகூடப் போட்டு முடித்தோம். கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளோட்டம் போனபோது, நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கையிலிருந்து இரண்டாவது பிரேக்கை மிதித்தது யார்? அதுவும் நீங்கள்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தடுமாறும்போது சொல்லிக்கொடுப்பவர் மிதிக்கிற பிரேக் அது. உங்களோடு சேர்ந்து ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். ஒரே மிதியில் என்னைக் கற்றுக்குட்டி ஆக்கிவிட்டீர்கள். சாலையில் ஈ காக்கா இல்லை. எதற்கு மிதித்தீர்கள்?

அதற்குப் பிறகு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனதையும் எழுத மாட்டேன்.

தனியாக நன்றாகவே இருக்கிறேன். இப்போது ஒரு பெரிய கிடங்கின் பின்பக்கம், லாரிகள் நிற்கும் இடத்தில் நிற்கிறேன். காவலாளி நல்ல மனிதர், தண்ணீர் பிடிக்கக் குழாயைக் காட்டினார். “கூட யாரும் வரலையா?” என்று கேட்டார். “வரமாட்டாங்க, அவங்களுக்கு உடம்பு பூரா பிரேக்” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நேற்றுக் காலை கிளம்பலாம் என்று ஏறினேன். பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, “ம், ஸ்டார்ட் பண்ணுங்க” என்றேன். வண்டி கிளம்பவில்லை. யாருமில்லாத ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இறங்கிச் சுற்றிப் போய் ஏறி நானே ஓட்டினேன்.

பதில் போடுவதாக இருந்தால், துறைமுக ஊர் தபால் நிலையத்துக்கு என் பெயரில் போடுங்கள். நான் வந்து கேட்கும்வரை வைத்திருப்பார்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 11

வாலுக்கு,

ஐம்பத்தாறு வயதில் உன்னை இன்னும் வாலு என்று கூப்பிட ஆளிருக்கிறது என்பதற்காக நீ கொஞ்சம் சந்தோஷப்படலாம். அந்தப் பெயரை வைத்த உன் அண்ணன் போய்விட்டார். மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

நாய் ஒன்று குறுக்கே வந்தது. பழுப்பு நாய். அதனால் மிதித்தேன்.

நீ எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். “உங்க பக்கத்துல உக்காந்தா யாருக்குத்தான் மூச்சு விட முடியும்? அண்ணனுக்கே முடியல” என்றாய். நுரையீரல் நோயில் போன மனிதரைப் பற்றி அவர் பெண்டாட்டியிடம் சொன்ன வார்த்தை அது. கடைசி வருடம் முழுக்க ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று உனக்குத் தெரியும். அடுத்த அறையில் நீயும்தான் இருந்தாய்.

அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

பின் சக்கரம் இரண்டிலும் காற்றைப் பார்த்துக்கொள். அலமாரியில் சாமான் ஏற்றியபோதே வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சொன்னால் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டரைத் தூங்கும் முன் மூடு. சமைத்ததும் மூடுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே எல்லாரும் நலம். வீடு நிறைய ஆட்கள், எனக்குத் தனிமை என்றால் என்ன என்றே தெரியாது. நீ ஒரு மாதம் தாங்க மாட்டாய் என்று உன் அண்ணன் மகன் சொல்கிறான். நான் மூன்று வாரம் என்றேன்.

அண்ணி

*

மார்ச் 20

அண்ணிக்கு,

மூன்று வாரமா? இன்றோடு தாண்டப் போகிறது, எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மகனிடமும் சொல்லுங்கள்.

வாதத்துக்காக நாய் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டிய எனக்குத் தெரியாத நாய், கண்ணாடியைக் கைப்பையில் வைத்திருந்த உங்களுக்குத் தெரிந்தது. நல்ல நாய்.

தனிமை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், மறைக்கப் போவதில்லை. பகலில் ஒன்றுமில்லை. ஓட்டுகிறேன், துணி துவைக்கிறேன், அலமாரிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டுகிறேன். சாயங்காலம்தான் என்னைப் பிடித்து உலுக்குகிறது. கடைகள் விளக்குப் போடுவார்கள், எல்லாரும் எங்காவது போய்க்கொண்டிருப்பார்கள், பஸ் நிறுத்தத்தில் யாரோ யாரையோ “இன்னும் வரலையா?” என்று போனில் திட்டுவார்கள். என்னைத் திட்ட ஆளில்லை. சூப் வைத்தால் இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன். கை அளவு மாற மாட்டேன் என்கிறது. மிச்சத்தை மறுநாள் காலையும் குடிக்கிறேன், கோபத்தோடு.

அதற்காக மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். காலையில் ஒரு மனித முகத்தோடு பேசாமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. முதல் நாள் பசியில் உயிர் போனது, ஏனென்றால் மழை, வெளியே யாருமில்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர் மறைவாக ஒதுங்க வந்தார். அவரிடம் போய் “வணக்கம்” என்றேன். பாவம், அவர் பயந்துபோனார். நான் போய் ரொட்டி தின்றேன்.

இன்னொன்றும் செய்தேன். மார்க்கெட் பக்கம் ஒரு நர்ஸ் தினமும் காரை நிறுத்தப் பாடுபடுவதைப் பார்த்தேன். முன்னே, பின்னே, முன்னே, பின்னே, கடைசியில் அழாத குறையாகத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவார். என் வாய் சும்மா இருக்குமா? கண்ணாடியைத் தட்டி, “பின்னால பாக்காதீங்க, பக்கத்துக் கண்ணாடியைப் பாருங்க, சக்கரம் கோட்டைத் தொட்டதும் ஸ்டியரிங்கை ஒடிங்க” என்றேன். உள்ளே போய் நின்றது. அந்தப் பெண் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். “லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. பயத்துல ஓட்டவே இல்ல. இப்பதான் மறுபடி எடுத்தேன்” என்றார்.

அன்றைக்கே ஓர் அட்டையில் எழுதி வேன் கண்ணாடியில் மாட்டிவிட்டேன்: ‘லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது என்பவர்கள் கதவைத் தட்டலாம். சிரிக்க மாட்டேன்.’

தட்டுகிறார்கள், அண்ணி! எவ்வளவு பேர் பயந்துகொண்டிருக்கிறார்கள் தெரியுமா? கணவர் கத்தியதால் விட்டவர்கள், ஒரு முறை இடித்ததால் விட்டவர்கள். என் வேனையே அவர்களை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்காருகிறேன். அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை. அவர்கள் போன பிறகு வண்டி முன்னைவிடக் காலியாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து நூற்பாலை ஊருக்குப் போகிறேன். அங்கே எழுதுங்கள்.

வாலு

(பின் சக்கரத்தில் காற்று குறைவாகத்தான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள்.)

*

ஏப்ரல் 2

வாலுக்கு,

அட்டை மாட்டியது நல்ல யோசனை. கையெழுத்துதான் கோழி கிளறியது மாதிரி இருந்திருக்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மருமகளின் அம்மா இனி இங்கேதான் இருக்கப் போகிறார். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. கீழே இருப்பது இரண்டு அறை, ஒன்று என்னுடையது, ஒன்று உன்னுடையது. உன் அறையை ஒழித்துக் கொடுத்துவிடலாமா என்று மகன் கேட்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் நீ வந்தால் உன் அறை உனக்கு. வராவிட்டால் உன் சாமான் மாடிக்குப் போகும். அப்புறம் வந்து என்னிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

நான் உன்னைக் கெஞ்சவில்லை. உனக்கு ஒன்று என்றால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். லாரி நிறுத்துமிடத்தில் படுத்திருக்கிற பொம்பளைக்கு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும்? உனக்குப் பிடிவாதம் அதிகம். உன் அண்ணனுக்கும் அப்படித்தான், மூச்சு வாங்கும்போதும் “ஒண்ணுமில்ல” என்பார்.

நானும் வெளியே போவது குறைந்துவிட்டது. நம் ஸ்கூலின் பழைய பயிற்சிக் காரின் சாவி மகனிடம் இருக்கிறது. போன வருடம் கேட்டில் லேசாக உரசியதற்குப் பிறகு அவனே வைத்துக்கொண்டான். எங்கே போவதானாலும் அவன் கொண்டுபோய் விடுவான், அதாவது அவனுக்கு நேரம் இருந்தால். சௌகரியம்தான்.

மாதக் கடைசி. மறக்காதே.

அண்ணி

*

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

அறையைக் கொடுத்துவிடுங்கள்.

சாமானை மாடிக்கு ஏற்றுங்கள், தெருவில் வையுங்கள், உங்கள் இஷ்டம். சம்பந்தியம்மாவின் முழங்காலுக்கு என் நல்வாழ்த்துகள். அறையைக் காட்டி என்னைப் பிடித்து இழுக்கலாம் என்று நினைத்தீர்களே, அதுதான் எனக்குக் கொதிக்கிறது.

காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும் என்று கேட்டீர்கள். உங்கள் வாய் பலித்தது. வந்தது. உங்கள் கடிதத்தைத் தபால் நிலையத்தில் வாங்கிய அன்றே வந்தது. மூன்று நாள். வண்டி நின்றது மூடிக்கிடந்த ஓர் ஆலைச் சுவர் ஓரம். வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே அடுப்பாக இருந்தது, எனக்கோ குளிர் நடுங்கியது. தண்ணீர்க் குடம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, எழுந்து எடுக்க முடியவில்லை. எதிர்ப் படுக்கையைப் பார்த்து “அண்ணி, தண்ணி” என்றேன். அங்கே என் துவைத்த துணிதான் குவிந்து கிடந்தது. அழுதேன். சத்தமாகவே அழுதேன். யாருக்கும் கேட்காது என்பதால் வெட்கப்படவும் இல்லை.

மூன்றாம் நாள் அட்டையைப் பார்த்து ஓர் அம்மா கதவைத் தட்டினார். ஆலை உணவகத்தில் சமையல் வேலை செய்தவர். உள்ளே எட்டிப் பார்த்தவர் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்ததையே மறந்துவிட்டார். சூப்பும் மாத்திரையும் கொண்டுவந்தார். “இப்பிடி ஒத்தையில கெடக்கீங்களே, உங்களுக்குன்னு யாரும் இல்லையா?” என்றார். “இருக்காங்க. சண்டை” என்றேன். “யாரோட?” என்றார். “இருக்கிறவங்களோட” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதிக் காய்ச்சல் விட்டது.

அண்ணி, நான் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே தனிமை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய தனிமை. ஆனால் இது நானே ஓட்டிக்கொண்டு வந்த தனிமை. வேண்டாம் என்றால் நானே திருப்பலாம், திருப்பாமல் இருப்பதும் நான்தான். அங்கே உங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்து, யாராவது கொண்டுபோய் விட மாட்டார்களா என்று கடிகாரத்தைப் பார்ப்பதும் தனிமைதான். கடிதத்தில் அதற்குச் சௌகரியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டீர்கள் என்பதைப் படித்தபோது எனக்கு உங்கள் மகன்மேல் வந்த கோபத்தைவிட உங்கள்மேல் வந்ததுதான் அதிகம். அவனுக்குக் கிளட்ச் எது பிரேக் எது என்று காட்டியதே நீங்கள்தானே?

அண்ணனைப் பற்றிச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது பொய். அவர் கடைசிவரை மூச்சு விட்டதே உங்கள் பக்கத்தில்தான், அதை அடுத்த அறையிலிருந்து பார்த்தவள் நான். வார்த்தையைத் திருப்பிக்கொள்கிறேன். வண்டியைத் திருப்ப மாட்டேன்.

வாலு

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. தினமும் தபால் நிலையத்துக்குப் போகிறேன். அங்கே இருக்கும் எழுத்தர் என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டுகிறார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. மாதக் கடைசியும் வந்துவிட்டது. அறை போயிருக்கும். போகட்டும், அதைக் கேட்க எழுதவில்லை.

உடம்பு சரியில்லையா? இரண்டு முறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் எடுத்து, என் குரலைக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டால் நான் தாங்க மாட்டேன். என்னைத் திட்டி எழுதுங்கள். ஒரே வரியில் எழுதுங்கள். காற்று அடித்தாயா என்றாவது கேளுங்கள்.

கிளம்பலாம் என்றால் கால் வரவில்லை. இங்கிருந்து போய்விட்டால் உங்கள் கடிதம் எனக்காகக் காத்திருந்து திரும்பிப் போகுமே என்று நிற்கிறேன். யாருக்காகவும் நிற்க மாட்டேன் என்று கிளம்பியவள், ஆலைச் சுவர் ஓரம் நிற்கிறேன். தோற்றுவிட்டேன் என்று அர்த்தமில்லை. நிற்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தச் சமையல்கார அம்மா இப்போது தினமும் ஓட்டுகிறார். நேற்றுப் புறவழிச் சாலையில் கொண்டுபோனேன். நன்றாக ஓட்டினார், என்னைவிட நிதானமாக. ஒரு வளைவு வந்தது. சாலை வெறிச்சென்று கிடந்தது, வேகமும் இல்லை, எந்தத் தவறும் இல்லை. என் கால் போய் இரண்டாவது பிரேக்கை மிதித்துவிட்டது. நான் சொல்லி அது மிதிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது சூப் ஊற்றிக்கொடுத்த மனுஷி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நொடி தோன்றியது, கால் போய்விட்டது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “என்ன ஆச்சு? என்ன வந்துச்சு?” என்றார்.

“நாய்” என்றேன்.

சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நிற்கவில்லை, அப்புறம் அது சிரிப்பாகவும் இல்லை. அந்த அம்மா வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இண்டிகேட்டரைக்கூட மறக்காமல் போட்டுவிட்டு, என் முதுகைத் தடவிக்கொடுத்தார். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அண்ணி, நீங்கள் இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. திரும்பி வர மாட்டேன். இரண்டும் உண்மை. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் எப்போதும் வழி சொல்கிறவர். சொல்லுங்கள்.

வாலு

*

மே 6

வாலுக்கு,

எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. கையில் வேலை இருந்தது.

உன் காய்ச்சல் கடிதம் வந்த அன்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மகனிடம் “சாவியை வை” என்றேன். “எதுக்கும்மா? எங்க போகணும்னு சொல்லு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்” என்றான். “வைடா” என்றேன். மருமகள் அவன் காலை மிதித்திருக்க வேண்டும், மேஜை ஆடியது. வைத்தான்.

காரை எடுத்து மூன்று வீடு தாண்டியதும் பயந்துபோய் நிறுத்திவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கென்ன. கேட்டில் உரசியதிலிருந்தே என் கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, எதைக் கண்டாலும் பிரேக்குக்குப் போகிறது. திரும்ப வந்து, நம்மிடம் படித்த மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அந்தக் காரில் இருக்கிற இரண்டாவது பிரேக்கைக் கழற்றிப் போடச் சொன்னேன். “டீச்சர், இது இல்லாம எப்படி?” என்றான். “இனிமே என் பக்கத்துல யாரும் மிதிக்க வேண்டாம். நானும் யார் பக்கத்துலயும் மிதிக்கப் போறதில்ல” என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்தான், கடைசியில் கழற்றினான்.

அப்புறம் தினமும் ஓட்டினேன். முதலில் தெரு, பிறகு மார்க்கெட், பிறகு மேம்பாலம். இரண்டு இடத்தில் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், ஒருவனைத் திருப்பித் திட்டினேன். போன வாரம் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூட்ட நேரத்தில் அவன் அலுவலகம்வரை கொண்டுபோய் விட்டேன். இரண்டு லாரிக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தினேன். வழி முழுக்க அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. இறங்கும்போது, “அம்மா, பத்திரமா போங்க” என்றான். பயலுக்கு முகம் வெளுத்திருந்தது.

உன் கடைசிக் கடிதம் நேற்று வந்தது. வழி கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

நாம் இருவரும் ஒரே வண்டியில் போக முடியாது. யார் ஓட்டினாலும் பக்கத்தில் இருப்பவள் மிதிப்பாள். அது திருந்தாது, நமக்குத் திருந்துகிற வயதும் இல்லை. அதனால் உன் வண்டியை நீ ஓட்டு, என் காரை நான் ஓட்டுகிறேன். பகலில் முன்னே பின்னே போவோம். கண்ணாடியில் பார்த்தால் ஆள் தெரிய வேண்டும், அவ்வளவு தூரம் போதும். சாயங்காலம் ஒரே இடத்தில் நிறுத்துவோம். உன் துணியை என் படுக்கையிலிருந்து எடு. சூப்பை இரண்டு பேருக்கே வை, கை அளவை மாற்றாதே. எனக்கு அலுத்துப்போனால் நான் திரும்பிவிடுவேன், உனக்கு அலுத்தால் நீ வேறு பக்கம் திரும்பிக்கொள். யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

என்னைக் கூட்டிப்போக வந்து நிற்காதே, பாதி வழியில் எதிரே வந்து கை காட்டாதே. நான் தனியாக ஓட்டி வருவேன். இரண்டு நாள் ஆகலாம், மூன்றும் ஆகலாம். பயம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பேன். நீ அந்த ஆலைச் சுவர் ஓரமே இரு. சமையல்கார அம்மாவிடமும் சொல்லி வை, அவர் பின்னால் எடுப்பதை நான் ஒரு முறை பார்க்க வேண்டும். நீ சொல்லிக்கொடுத்தால் எப்போதும் இடது பக்கம் இடம் அதிகமாக விடுவார்கள்.

நாய் வந்தது. பழுப்பு நாய். சாகும்வரை அதையே சொல்வேன்.

சம்பந்தியம்மா நேற்று வந்துவிட்டார். அறை விஷயத்தில் மகனுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம், கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. உன் அறையில் கை வைக்கவில்லை. அவருக்குக் கொடுத்தது என் அறையை.

அண்ணி